எச்சிக்கு இங்கிலீஷில் என்ன

நாளெல்லாம் அடுத்தவர் வாயைப் பார்க்கிற பிழைப்பு என்னுடையது. வண்டியூர் தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் அப்பா வைத்திருந்த பல் ஆஸ்பத்திரியை இப்போது நான் பார்த்துக்கொள்கிறேன். காலையில் திறந்ததிலிருந்து சாத்துகிற வரைக்கும் நான் அதிகம் சொல்கிற வார்த்தை "துப்புங்க" என்பதுதான். வெற்றிலை வாய், பீடி வாய், மூன்று நாளாகச் சீழ் கட்டிய வாய் என்று எல்லாவற்றுக்குள்ளும் கையை விடுகிறேன். மத்தியானம் கையைக் கழுவிவிட்டுத் தயிர்சாதம் சாப்பிடுகிறேன். உங்களுக்கு அருவருப்பே வராதா டாக்டர் என்று கேட்பார்கள். வரும். ஆனால் வாயைப் பார்த்து வருவதில்லை.

போன வாரம் ஒரு அம்மா, மகளுக்குப் பல்லில் கம்பி கட்டக் கூட்டிக்கொண்டு வந்தார். பெண் வாயைத் திறந்துகொண்டு நாற்காலியில் கிடக்க, அம்மா பெருமையை அவிழ்க்க ஆரம்பித்தார்.

"இவள வெளிநாட்டுக்குக் கேம்புக்கு அனுப்புறோம் டாக்டர். மூணு வாரம். இங்கிலீஷ் அப்படியே தண்ணியா வருமாம்ல? நீங்களும் சின்னப் பிள்ளையில போயிருக்கீங்களாமே. எப்படி இருந்துச்சு?"

"குளிரா இருந்துச்சு" என்றேன்.

அந்த அம்மாவுக்கு முகம் விழுந்துவிட்டது. இன்னும் ஏதாவது நாலு வார்த்தை எதிர்பார்த்திருப்பார். நான் கையுறையைக் கழற்றித் தொட்டியில் எறிந்தேன். வயிற்றுக்குள்ளிருந்து குமட்டிக்கொண்டு வந்தது. பதினான்கு வருஷமாக இப்படித்தான். அந்த மூன்று வாரத்தைப் பற்றி யார் கேட்டாலும் குளிர் என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவேன். இன்றைக்கு எழுதித் தொலைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

எனக்கு அப்போது பதினைந்து வயது. மதுரையில் ஒரு சங்கம் வருஷா வருஷம் ரெண்டு பிள்ளைகளை இங்கிலாந்துக்கு அனுப்பும். அங்கே கோடை விடுமுறையில் காலியாகக் கிடக்கும் ஒரு விடுதிப் பள்ளிக்கூடத்தில் பல தேசத்துப் பிள்ளைகளைச் சேர்த்து வைத்து இங்கிலீஷ் கற்றுக் கொடுப்பார்கள். சங்கத்தின் கணக்கு, டவுனிலிருந்து ஒரு பிள்ளை, கிராமத்துப் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு பிள்ளை. கிராமத்துப் பிள்ளை பேச்சுப் போட்டியில் நான்கு சுற்று ஜெயித்து வந்தவள். டவுன் பிள்ளையாகிய நான் எதிலும் ஜெயிக்கவில்லை. சங்கத் தலைவருக்குப் பல் செட் கட்டிக் கொடுத்தவர் என் அப்பா, அவ்வளவுதான் என் தகுதி.

அவளை முதன்முதலாக மதுரை ஏர்போர்ட்டில் பார்த்தேன். பேரையூரைத் தாண்டி உள்ளே போகிற ஏதோ ஒரு ஊர். அவள் அப்பா மில் லாரிகளில் லோடு ஏற்றுகிறவர். வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு, மகளுடைய பெட்டியைத் தரையில் வைக்க மனசில்லாமல் தோளிலேயே வைத்துக்கொண்டு நின்றார். அவள் எண்ணெய் வைத்து ரெட்டைச் சடை போட்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் சொந்தக்காரியைக் கண்ட மாதிரி ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீதான் இன்னொரு பிள்ளையா? அப்பாடி! அம்புட்டுத் தூரம் தனியாப் போகணுமேன்னு வயித்தக் கலக்கிக்கிட்டு இருந்துச்சு. இப்ப தைரியம் வந்துருச்சுப்பா."

எனக்குத் தைரியம் போய்விட்டது. இவளோடு மூன்று வாரமா என்று நினைத்தேன். அந்த எண்ணெய்ச் சடையைப் பார்த்து அப்போதே ஒரு அருவருப்பு. இதை எழுதக் கூசுகிறது, ஆனால் அதுதான் நிஜம்.

கிளம்பும்போது அவள் அப்பாவிடம் "போயிட்டு வாரேன்ப்பா" என்றாள். அவர் "நல்லபடியா வாத்தா" என்றார். எங்கள் பக்கத்தில் யாரும் "போறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்ப மாட்டார்கள். சொன்னால் அபசகுனம். அடுத்த தெருவுக்குப் போனாலும் "வாரேன்" என்றுதான் சொல்ல வேண்டும்.

கேம்ப் ஒரு கண்றாவி. அதையும் சொல்லிவிடுகிறேன். கடற்கரை என்றார்கள். மணலே கிடையாது, உருண்டைக் கல்லும் சாம்பல் நிறத் தண்ணீரும்தான். காலையில் ஆறிப்போன ரொட்டித் துண்டின் மேல் இனிப்பாக ஒரு அவரைக்கொட்டைக் குழம்பை ஊற்றுவார்கள். முட்டை கொழகொழவென்று ஓடும். சமையல்காரரின் நாய் மிச்சத் தட்டுகளை நக்கும், நக்கிய தட்டுகள் நேராகத் தொட்டிக்குப் போகும். தொட்டியில் சோப்புத் தண்ணீர். அதில் முக்கி எடுத்து, அலசாமலேயே துணியால் துடைத்து அடுக்கிவிடுவார்கள். நுரை அப்படியே காய்ந்திருக்கும். பிள்ளைகள் குளிப்பதில்லை, வாசனைத் தண்ணீரை அடித்துக்கொள்வார்கள். ஷூவோடு கட்டிலில் ஏறிப் படுப்பார்கள். ஒருத்தி கடித்த ஆப்பிளை இன்னொருத்தி வாங்கிக் கடிப்பாள். ஒரே ஐஸ்கிரீமை நாலு பேர் நாக்கை நீட்டி நக்குவார்கள். சீ! பல் டாக்டர் வீட்டில், கீழே துப்புகிற தொட்டியும் மேலே சமையலறையுமாக வளர்ந்தவள் நான். எங்கள் வீட்டில் டம்ளரில் உதடு பட்டால் அம்மா அந்த டம்ளரைத் திரும்பத் தேய்க்கச் சொல்வாள். முதல் மூன்று நாள் நான் வாழைப்பழத்திலும் பிஸ்கட்டிலும் உயிர் வாழ்ந்தேன்.

ஆனால் வெளியே காட்டிக்கொள்ளவில்லை. எனக்கு அங்கே ஒட்டிக்கொள்ள வேண்டும் என்று வெறி. எங்கள் அணியில் பதினாலு பேர். அதில் ரெண்டு இத்தாலிப் பெண்கள் ராணிகள் மாதிரி. அவர்கள் பக்கத்தில் உட்கார இடம் கிடைத்தால் போதும் என்று இருந்தேன். முதல் நாள் வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொருவரும் தன்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் எழுந்து, போட்டியில் பேசுகிற மாதிரி கணீரென்று, "மை மதர் டங் ஈஸ் தமிழ்" என்று தொடங்கி நீளமாக ஒப்பித்தாள். இத்தாலிக்காரிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அடுத்து நான். எனக்கு என்ன தோன்றியதோ, என் தாய்மொழி தமிழ் இல்லை என்றேன். என் முன்னோர்கள் குஜராத்திலிருந்து வந்தவர்கள், எங்களுக்கென்று தனி மொழி உண்டு என்றேன்.

பொய் இல்லை. நாங்கள் சௌராஷ்டிராக்காரர்கள். வீட்டுக்குள் சௌராஷ்டிராவில்தான் பேசுவோம். ஆனால் கேட்டைத் தாண்டினால் தமிழ். நான் சண்டை போட்டது தமிழில், கணக்குக்கு விரல் விட்டு எண்ணியது தமிழில், கெட்ட வார்த்தை கற்றுக்கொண்டது தமிழில். குஜராத்தை நான் மேப்பில்தான் பார்த்திருக்கிறேன். இருந்தாலும் இத்தாலிக்காரிகள் "ஓ!" என்று கண்ணை விரித்தார்கள். அந்த ஒரு "ஓ"வுக்காக நான் எதையும் செய்யத் தயாராக இருந்தேன்.

கேம்பில் ஒரு விதி. இங்கிலீஷ் தவிர வேறு மொழி பேசினால் பெயரைப் பலகையில் எழுதிவிடுவார்கள். எனக்கு அது வசதியாகப் போயிற்று. அவளும் நானும் ஒரே அறை. அறைக்குள் அவள் மெல்லத் தமிழில் ஆரம்பித்தால் நான் பலகையைக் காரணம் காட்டி வாயை அடைத்துவிடுவேன். பாவம், அவளுக்குப் புத்தக இங்கிலீஷ் நன்றாக வரும், புழங்குகிற இங்கிலீஷ் வராது. மனசுக்குள் தமிழில் கூட்டி இங்கிலீஷில் இறக்குவாள். அறையை விட்டுக் கிளம்பும் ஒவ்வொரு தடவையும் எல்லோரையும் பார்த்து "ஐ ஆம் கமிங்" என்பாள். "வாரேன்" என்பதைத்தான் சொல்கிறாள். அவர்களுக்கு எங்கே தெரியும்? ஒரு தடவை அணியே அவள் வருவாள் என்று வாசலில் கால்மணி நேரம் நின்றிருக்கிறது. அவள் துணி துவைக்கப் போயிருக்கிறாள். அதற்குப் பிறகு அவளைக் கண்டாலே இத்தாலிக்காரிகள் "ஐ ஆம் கமிங்" என்று அவளுடைய குரலிலேயே சொல்லிச் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன்.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் அறையில் அவளைப் பிடித்துக்கொண்டேன்.

"கிளம்பும்போது ஐ ஆம் கோயிங்னு சொல்லித் தொலையேன்."

"போறேன்னு எப்படிப்பா சொல்றது? ஊரு விட்டு ஊரு வந்துருக்கோம். வாயில நல்ல வார்த்த வரணும்ல" என்றாள்.

இன்னொன்று. அங்கே கக்கூஸில் காகிதம்தான், தண்ணீர் கிடையாது. முதல் ரெண்டு நாள் நான் பட்ட அவஸ்தையை எழுதினால் இந்தக் காகிதமே நாறும். மூன்றாம் நாள் காலையில் அவள் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலை என் கட்டிலின் மேல் வைத்தாள். ஜூஸ் பாட்டிலின் கழுத்தை வெட்டி, கையைக் கிழிக்காமல் இருக்க விளிம்பை இஸ்திரிப் பெட்டியில் காட்டி மழுக்கியிருந்தாள்.

"எனக்கு ஒண்ணு, ஒனக்கு ஒண்ணு. செம்பு மாதிரி வச்சுக்க. கேக்க வெக்கமா இருக்கும்னுதான் நானே வெட்டிட்டேன்."

அந்தப் பாட்டிலைப் பார்த்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. உண்மையாகவே வந்தது. ரெண்டு நாள் கழித்து இத்தாலிக்காரிகளில் ஒருத்தி குளியலறையில் என் பாட்டிலைக் கண்டுபிடித்து, விரல் நுனியில் பிடித்துக்கொண்டு வந்து, இது எதற்கு என்று கேட்டாள். நான் என் அறைக்காரியின் கட்டிலைப் பார்த்துக் கையைக் காட்டினேன். அவள் எழுந்து வந்து, "மைன்" என்று வாங்கி வைத்துக்கொண்டாள். அவளுடையது அவள் அலமாரியில்தான் இருந்தது. என்னைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இவ்வளவு கேலிக்கும் நடுவில் அவள் ஒரு காரியம் செய்தாள். கடைசி நாள் விழாவில் ஒவ்வொரு அணியிலிருந்தும் ஒருவர் பேச வேண்டும். ஆசிரியர்கள் எல்லோரையும் பேச வைத்துப் பார்த்து அவளைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். மேடை ஏறினால் அவள் வேறு ஆள். விழாவை நேரலையில் ஒளிபரப்புவார்கள். அவளுடைய பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியை கம்ப்யூட்டர் அறையைத் திறந்துவிடுவதாகச் சொல்லியிருந்தாராம். "எங்க ஸ்கூலே பாக்கும்ப்பா. எங்கப்பா அன்னைக்கு லோடுக்குப் போகலன்னு சொல்லிட்டாரு. டீச்சர்மாரு பக்கத்துல நாற்காலி போட்டு உக்கார வைப்பாகளாம்" என்று பலகைக்குப் பயப்படாமல் தமிழிலேயே சொன்னாள். அதிலிருந்து எந்நேரமும் அந்தப் பேச்சுத்தான். பல் விளக்கும்போதுகூட மனப்பாடம் பண்ணிக்கொண்டிருந்தாள்.

இரண்டாம் வாரக் கடைசியில், ஒரு சனிக்கிழமை மத்தியானம், புல்வெளியில் நட்புக் கோப்பை என்று ஒன்று வைத்தார்கள். ரெண்டு பக்கமும் காது வைத்த பெரிய கோப்பை. நிறைய ஆப்பிள் ஜூஸ். வட்டத்தில் ஒவ்வொருவரும் ஒரு வாய் குடித்துவிட்டு, பக்கத்தில் இருப்பவரைப் பற்றி நல்லதாக ஒன்று சொல்லி அவரிடம் கோப்பையைக் கொடுக்க வேண்டும். பதினாலு பேர், ஒரே கோப்பை. ஒருவன் மூக்கைத் துடைத்துக்கொண்டே குடித்தான். ஒருத்தி பல்லில் கம்பி கட்டியவள், மத்தியானம் தின்ற ரொட்டி கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. கோப்பையின் விளிம்பில் உதட்டுச் சாயம், ஜூஸின் மேலே ஏதோ மிதந்தது. கருமம், கருமம்! என் முறை வந்தது. நான் உதடுகளை இறுக்கி மூடிக்கொண்டு கோப்பையைச் சாய்த்தேன். தொண்டையை மட்டும் ஏற்றி இறக்கினேன். "ம்ம்" என்றேன். ஒரு சொட்டு உள்ளே போகவில்லை. உதட்டைப் புறங்கையால் துடைத்துவிட்டு, எனக்கு அடுத்து இருந்த பெண்ணிடம் கொடுத்தேன். அவள் பாரிஸிலிருந்து வந்த கறுப்புப் பெண். அமைதியானவள், எல்லோரிடமும் ஒட்டுதலாக இருப்பாள். அவள் குடித்துவிட்டு, என் அறைக்காரியைப் பற்றி, இவள் குரல் எனக்குப் பிடிக்கும் என்று சொல்லிக் கோப்பையைக் கொடுத்தாள்.

என் அறைக்காரிக்கு நடிக்கத் தெரியாது. கோப்பையை ரெண்டு கையாலும் தூக்கினாள், தலையை அண்ணாந்தாள், வாயைத் திறந்து ஊற்றினாள். அவள் டம்ளரில் அண்ணாந்து குடித்தால் ஒரு சொட்டு கீழே விழாது, நான் அறையில் பார்த்திருக்கிறேன். ஆனால் அது அகன்ற வாய்க் கோப்பை. ஜூஸ் குபுக்கென்று மூக்கிலும் கண்ணிலும் ஊற்றிவிட்டது. எல்லோரும் கைதட்டிச் சிரித்தார்கள். எங்கள் அணித்தலைவி, இருபது வயதுக்காரி, சிரித்துக்கொண்டே, விளிம்பில் வாய் வைத்துக் குடி என்றாள். இவள் தலையை ஆட்டி மறுத்தாள். அணித்தலைவி மறுபடி சொன்னாள்.

"நோ மவுத்" என்றாள் இவள். பக்கத்திலிருந்த பாரிஸ் பெண்ணைக் காட்டி, "ஹெர் மவுத், மை மவுத், நோ. எச்சி" என்றாள். அடுத்துக் குடிக்க வேண்டிய துருக்கிப் பையனையும் காட்டினாள். அதை யாரும் கவனிக்கவில்லை. எல்லோரும் பாரிஸ் பெண்ணைத்தான் பார்த்தார்கள்.

அணித்தலைவியின் முகம் மாறிவிட்டது. சிரிப்பு ஒன்றும் இல்லை இப்போது. இதுவரை எல்லோரும் குடித்தார்கள், இந்தப் பெண்ணுக்குப் பிறகு குடிக்க மட்டும் உனக்கு என்ன என்று கேட்டாள். அந்தக் கேள்விக்குள் இருந்தது இவளுக்குப் புரியவே இல்லை. "எச்சி, எச்சி" என்று மறுபடியும் சொன்னாள். பாரிஸ் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் கண் நிறைந்துவிட்டது. அதைப் பார்த்ததும்தான் இவளுக்கு ஏதோ பெரிய தப்பு நடக்கிறது என்று உறைத்தது. சுற்றிலும் தேடி என்னைப் பார்த்தாள்.

"ஏ பிள்ள, எச்சிக்கு இங்கிலீஷ்ல என்ன? சொல்லு பிள்ள, இவுக தப்பா நெனைக்கிறாக."

அணித்தலைவி என்னிடம் திரும்பினாள். நீங்கள் ரெண்டு பேரும் ஒரே ஊர்தானே, அவள் சொல்கிற வார்த்தைக்கு என்ன அர்த்தம்?

ரெண்டு வரி போதும். எங்கள் ஊரில் யாருமே, பெற்ற தாயும் பிள்ளையும்கூட, ஒரே பாத்திரத்தில் வாய் வைத்துக் குடிப்பதில்லை. என் வாய் பட்டதை உனக்குக் கொடுக்கக் கூடாது என்பதும் அதில் பாதி, அது மரியாதை. என் இங்கிலீஷுக்கு இது ஒரு விஷயமே இல்லை. ஆனால் அதைச் சொன்னால், அப்படியானால் நீ எப்படிக் குடித்தாய் என்று கேட்பார்கள். என் மூடிய உதட்டை யாராவது கவனித்திருந்தால்? இத்தாலிக்காரிகள் ரெண்டு பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தெரியாது" என்றேன் இங்கிலீஷில். "எங்கள் வீட்டில் பேசுவது வேறு மொழி."

எங்கள் வீட்டு மொழியிலும் அதற்கு ஒரு வார்த்தை இருக்கிறது. அம்மா ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்வாள்.

நான் குடிக்கவில்லை என்று அவளுக்குத் தெரியும். ஒரு ஆள் தள்ளி உட்கார்ந்து என் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்திருக்கிறாள். கையை நீட்டி "ஷீ ஆல்ஸோ" என்று ரெண்டு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அங்கேயே நாறியிருப்பேன். அவள் சொல்லவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், மூக்கிலிருந்து ஜூஸ் சொட்டச் சொட்ட.

அன்றைக்குச் சாயங்காலமே விசாரணை மாதிரி ஏதோ நடந்தது. கூட வந்த நானே தெரியாது என்ற பிறகு, எச்சியைப் பற்றி அவள் சொன்னதை யாரும் நம்பவில்லை. அவளைப் பாரிஸ் பெண்ணுக்கு மன்னிப்புக் கடிதம் எழுதச் சொன்னார்கள். எழுதிக் கொடுத்தாள். தோல் நிறத்தைப் பார்த்து ஒதுக்குகிறவள் மேடையில் பேசக் கூடாது என்று விழாவிலிருந்து அவள் பெயரை எடுத்துவிட்டார்கள். அறைக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். நான் நகத்தைக் கடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்து நின்றேன்.

"ஏன் பிள்ள தெரியாதுன்ன?"

"ரூல்ஸ்தான். இங்கிலீஷ்லதான் பேசணும்" என்றேன்.

அவள் அழாமல், சாதாரணமாகச் சொன்னாள்.

"எங்கப்பா வேலைக்குப் போற எடத்துல ஒரு டீக்கடை. எல்லாருக்கும் கண்ணாடி கிளாஸு. எங்கப்பாவுக்குப் பேப்பர் கப்பு. ஏன்னு எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். கப்பக் கசக்கிப் போட்டுட்டு லோடு ஏத்தப் போயிருவாரு. அவரு மக நான். நானா பிள்ள இன்னொருத்தி தொட்டதுன்னு ஒதுக்குவேன்? என்னையப் போயி அப்படிச் சொல்லிட்டாகளே."

அப்போதாவது நான் கீழே இறங்கி ஓடியிருக்க வேண்டும். அலுவலக அறைக்கு முப்பது படிதான். இன்னும் ஆறு நாள் இருந்தது, எந்த நாளிலும் போயிருக்கலாம். மறுநாள் அணித்தலைவி என்னைக் கூப்பிட்டு, அவளுக்குப் பதிலாக நீ பேசுகிறாயா, அதே ஊர் என்பதால் பொருத்தமாக இருக்கும் என்று கேட்டாள். சரி என்றேன். உடனே சொன்னேன். யோசிக்கக்கூட இல்லை. இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டு எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தேன்.

பேசினேன். நன்றாகவே பேசினேன். உலகமெல்லாம் ஒரே குடும்பம், நட்புக்கு மொழி தடையில்லை என்றெல்லாம் அள்ளி விட்டேன். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள், இத்தாலிக்காரிகள் கட்டிப்பிடித்துக் கன்னத்தில் முத்தம் கொடுத்தார்கள். அவர்கள் எச்சில் என் கன்னத்தில் ஈரமாக இருந்தது. நான் துடைக்கவில்லை. கடைசி வரிசையில் அவள் ரெட்டைச் சடையோடு உட்கார்ந்து எல்லோரோடும் சேர்ந்து கைதட்டிக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பேரையூர்ப் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் அறையில், இஸ்திரி போட்ட சட்டையோடு ஒரு மனிதர் நாற்காலியில் உட்கார்ந்து, திரையில் என் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்.

திரும்பி வருகிற வழி முழுக்க அவள் என்னிடம் தமிழில் பேசவில்லை. சண்டை ஒன்றும் இல்லை. ஏதாவது கேட்டால் இங்கிலீஷில் பதில் சொன்னாள், அவ்வளவுதான்.

மதுரை ஏர்போர்ட்டுக்கு வெளியே வெயில் கொளுத்தியது. ரெண்டு அப்பாக்களும் பக்கத்தில் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். என் அப்பா என்னைத் தோளோடு அணைத்துக்கொண்டு, "பேச்சு பிரமாதம்டா கண்ணு, சங்கத்துல எல்லாரும் பாத்தாங்க" என்றார். பிறகு அவளிடம், "நீதான பேசுறதா இருந்துச்சு? என்னம்மா ஆச்சு?" என்று கேட்டார்.

எல்லாவற்றையும் சொல்லிவிடப் போகிறாள் என்று நினைத்தேன்.

"தொண்ட கட்டிக்கிச்சு சார்" என்றாள்.

"அப்படித்தான் போன்லயும் சொன்னுச்சு" என்றார் அவள் அப்பா. "ஸ்கூலே கூடி உக்காந்திருந்துச்சு சார். சரி, அதுக்கென்ன. ஒங்க பாப்பா நல்லாப் பேசுச்சு. இந்தாங்கத்தா, வெயிலுக்கு மொதல்ல ரெண்டு பேரும் தண்ணியக் குடிங்க."

பெரிய கூல்டிரிங்ஸ் பாட்டிலில் வீட்டுத் தண்ணீர் கொண்டுவந்திருந்தார். அவள் வாங்கினாள். அண்ணாந்து குடிப்பாள் என்று பார்த்தேன். அவள் பாட்டிலின் வாயை முழுசாகத் தன் வாய்க்குள் வைத்து, உறிஞ்சிக் குடித்தாள். நாக்கால் விளிம்பைச் சுற்றி ஒரு தடவை நக்கினாள். துடைக்காமல் என்னிடம் நீட்டினாள்.

"ஏத்தா, என்ன பழக்கம் இது? எச்சப்படுத்திட்டா குடுக்குற?" என்று அவள் அப்பா பதறினார். "இரு பாப்பா, கடையில வேற வாங்கியாரேன்."

"வேணாம்ப்பா. அதுக்கு எச்சின்னா என்னன்னே தெரியாது" என்றாள் அவள். "குடி பிள்ள."

பாட்டிலை வாங்கினேன். விளிம்பில் அவள் எச்சில் வெயிலில் பளபளத்தது. குடித்துவிட வேண்டும், இதையாவது செய்துவிட வேண்டும் என்று சத்தியமாக நினைத்தேன். வாயருகே கொண்டுபோனேன். என்னையறியாமல் உதடுகள் இறுக மூடிக்கொண்டன. பாட்டிலைச் சாய்த்தேன். தண்ணீர் உதட்டில் முட்டித் திரும்பியது. தொண்டை ஏறி இறங்கியது.

அவள் என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாட்டிலை என் கையிலிருந்து வாங்கி மூடியைத் திருகினாள். அவள் அப்பா பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் காரில் விடுகிறேன் என்ற என் அப்பாவுக்கு, "இருக்கட்டும் சார், இங்கனயே பஸ்ஸு வரும்" என்று கும்பிட்டார். அவளும் என் அப்பாவைப் பார்த்து, "போயிட்டு வாரேன் சார்" என்றாள்.

பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"போறேன்" என்றாள்.

அவள் அப்பாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அடியேய், வாரேன்னு சொல்லுத்தா" என்றார்.

அவள் சொல்லவில்லை.